மாவடியாறு விலகிய தூரம்

மாவடியாறு மனிதர்களைக் கண்டு விலக ஆரம்பித்து நாற்பது நாள் கழித்துப் பூதலிங்கம் செத்துப்போனார், அதுவும் வீட்டில் இல்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெஸ்ஸில், வாழையிலைக்கு முன்னால், ரசஞ்சோற்றில் கையை வைத்தபடி. அவரைப் பொறுத்தவரை இனி ஆறு ஓடினாலென்ன விலகினாலென்ன, ஆனால் அவர் மனைவி பேராச்சிக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை, ஏனென்றால் அவர் சாம்பலைக் கரைக்கிற பொறுப்பு அவள் தலையில் வந்து விழுந்தது.

ஆறு விலகுவதென்றால் வேறொன்றுமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அரசன்துறையில் குளிக்க இறங்கியவர்கள் காலை வைத்ததும் தண்ணீர் அந்தக் காலுக்கு இடம்விட்டு நகர்ந்தது, பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர் மேல் வாடையடித்தால் நாம் ஜன்னலோரம் ஒடுங்குவோமே, அதுபோல. இன்னும் ஓரடி வைத்தால் இன்னும் ஓரடி நகர்ந்தது, ஓடிப்போய் விழுந்து பார்த்தவர்கள் காய்ந்த பாறையில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்கள், நடு ஆறுவரை பிடிவாதமாக நடந்துபோன ஒருவரைச் சுற்றித் தண்ணீர் வட்டமாக ஒதுங்கி நின்று, அவர் கரையேறுகிறவரை காத்திருந்துவிட்டு அப்புறம் கூடிக்கொண்டது. எருமையைத் தொட்டது, நாயைத் தொட்டது, கொக்கின் காலை நனைத்தது; மனிதர்களையும், மனிதர்கள் எறிந்த சோப்பையும் ஷாம்பு பாக்கெட்டையும் பழைய வேட்டியையும் பூமாலையையும் மட்டும் தொடவில்லை. மோட்டார் போட்டு இறைத்தால் குழாயில் வந்தது, வாளியில் அடங்கி நின்றது, வயலுக்குப் பாய்ந்தது, ஆற்றைவிட்டு வெளியே வந்த தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை. ஆகவே யாருக்கும் தாகமெடுக்கவில்லை, பயிர் கருகவில்லை, சர்க்காரும் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டி வரவில்லை.

முதல் வாரம் ஊர் அழுதது, கிடா வெட்டியது, மஞ்சள் துணி கட்டிக்கொண்டு வரிசையாகக் கரையில் விழுந்து கும்பிட்டது, கும்பிட்ட தலைகளுக்கும் இடம்விட்டு ஆறு நகர்ந்தது. இரண்டாம் வாரம் படித்துறையில் குழாய் இழுத்து ஷவர் வைத்துவிட்டார்கள், ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஷவரில் குளித்தார்கள், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் யாரோ ஒருவர் அளவுநாடா கொண்டுவந்தார்.

ஏனென்றால் ஆறு எல்லோருக்கும் ஒரே தூரம் விலகவில்லை. ஒருவருக்கு இரண்டடி, ஒருவருக்கு ஐந்தடி, வார்டு கவுன்சிலர் சங்கிலிப்பாண்டி இறங்கியபோது பன்னிரண்டடி. கவுன்சிலரின் முகம் ஒரு கணம் வெளுத்தது, அடுத்த கணமே சுதாரித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, "பாத்தியளா, நமக்கு வழி விடுதுல்லா!" என்றார். அவ்வளவுதான். மறுநாளே 'ஆறே வழிவிடும் அண்ணன்' என்று பாலத்தை மறைத்து ஃபிளெக்ஸ் கட்டினார்கள், அன்றிலிருந்து அரசன்துறையில் தூரம் கூடக் கூட மரியாதை என்று ஆகிவிட்டது, இரண்டடிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கரைக்குக் கூட்டிவந்து நாடா பிடித்தார்கள், ஒரு வீட்டுப் பெண்ணுக்கு ஆறு வெறும் அரையடி நகர்ந்தது என்று மாப்பிள்ளை வீட்டார் வைத்த கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

இதையெல்லாம் கேட்கக் கேட்கப் பேராச்சிக்குக் குமட்டியது. குமட்டல் என்பதே அவளுக்குப் புதுசு. அரசாங்க ஆஸ்பத்திரி லேப்பில் முப்பத்தொரு வருஷம் மலமும் சளியும் மூத்திரமும் சீழும்தான் அவள் கையில் புழங்கின, ஒரு நாளும் அவள் மூக்கைப் பொத்தியதில்லை, முகத்தைச் சுளித்ததில்லை, கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்து எழுதிவைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து எலுமிச்சஞ்சோற்றை ரசித்துச் சாப்பிடுவாள். அசிங்கம் உடம்பிலிருந்து வந்தால் அதற்கு ஒரு பெயரும் மருந்தும் இருக்கிறது என்பது அவள் கட்சி. மனசிலிருந்து வருகிறதே, அதைத்தான் அவளால் பார்க்க முடிவதில்லை.

பூதலிங்கம் பத்திரம் எழுதுகிறவர். ஆஸ்பத்திரி வேலை என்றால் சீட்டில் பெயர் எழுதுகிற வேலை என்று நினைத்துத் தாலி கட்டியவர், கட்டிய ஐந்தாம் நாள் லேப் வாசலில் அவளைத் தேடிவந்து, அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து மெஸ் சாப்பாடு. அவருடைய தம்ளர் தனி ஆணியில் தொங்கியது, அவருடைய துணியை அவரே துவைத்தார், அவளைத் தொட்ட நாட்களிலும் எழுந்துபோய்த் தலையோடு குளித்தார், அந்த நாட்களும் சீக்கிரமே நின்றுபோயின, பிள்ளை இல்லை. அடித்தாரா என்றால் இல்லை, திட்டினாரா என்றால் அதுவும் இல்லை, தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். ஆனால் அவள் கூடத்தைக் கடந்து போனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொள்வார், அவள் நிழல் பட்டுவிட்ட தரையில் கொஞ்ச நேரம் காலை வைக்க மாட்டார். முப்பத்தொரு வருஷம் அந்த வெடித்த குதிகாலையும் மஞ்சள் நகத்தையும் அவள் பார்த்தாள். முதல் இரண்டு வருஷம் அழுது அழுது டெட்டால் போட்டுக் கையைத் தோல் உரியத் தேய்த்தாள், அப்புறம் அவர் கூடத்தில் இருந்தால் கொல்லை வழியாகச் சுற்றிப்போகப் பழகினாள், எதிரே யார் வந்தாலும் தானே ஒதுங்கி வழிவிடுகிற நடை அவளுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான், மெல்ல மெல்ல, அவளுக்கு அவர்மேல் அருவருப்பு வந்தது. அவர் தொண்டையைச் செருமுவது, விரலை முகர்ந்து பார்ப்பது, காலையில் வாய் கொப்பளிக்கிற சத்தம், எதையுமே அவளால் சகிக்க முடியவில்லை.

ஆகவே அவர் செத்தபோது அவள் அழவில்லை. வீடு தனக்குத்தான் இனி என்று மட்டும் நினைத்தாள்.

ஆனால் கொள்ளி வைத்த பையனை, அதாவது பூதலிங்கத்தின் அக்கா மூக்கம்மாளின் மகனை, மூன்றாம் நாள் கலயத்தோடு அரசன்துறைக்கு அனுப்பினால், ஆறு விலகிவிட்டது என்று கலயத்தைக் கொண்டுவந்து கொல்லைச் சுவரில் வைத்துவிட்டு அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மூக்கம்மாள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்டம் சொன்னாள்: "ஏட்டி பேராச்சி, பதினாறாம் நாள் பொழுது அடையறதுக்குள்ள ஓடுற தண்ணியில கரைச்சிரணும். இல்லன்னா கலயத்த வீட்டுக்குள்ள கொண்டாந்து அவன் நாக்காலியிலயே வச்சு, வருசம் திரும்புற மட்டும் வெளக்குப் போடணும். எங்க வீட்டு மொறை இது."

"ஒரு வருசமா மதினி?"

"ஒரு வருசம். நானும் கூட இருந்து பாத்துக்கிடுதேன்."

இன்னும் ஒரு வருஷம் அந்த நாற்காலியில் அவர், அவள் கடக்கும்போதெல்லாம் அவர், கூடவே அவர் அக்கா. பேராச்சி பதினாறாம் நாள் விடியும் முன்பே எழுந்து ஒரு தூக்குவாளியில் தயிர்சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு, அடுத்த தெரு சேர்மதுரையின் ஜீப்பில் கலயத்தோடு ஏறினாள். கீழே விலகுகிற ஆறு மேலே எங்காவது ஓரிடத்தில் விலகாமல் இருக்கும், மலையில் மனுஷக் காலே படாத இடத்தில் அதற்கு இந்தப் புத்தி வந்திருக்காது என்பது அவள் கணக்கு.

முதலில் அரசன்துறை. அங்கே நிறுத்தியிருக்கவே கூடாது. ஐம்பது நாளுக்கு மேலாகக் கரைக்க வந்தவர்கள் எல்லோரும் கரைத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள், அதாவது தண்ணீர் விலகிய பாறையில் கொட்டிவிட்டு, ஷவரிலிருந்து ஒரு வாளி பிடித்து மேலே ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போயிருந்தார்கள். அந்தச் சாம்பலெல்லாம் ஷவர்த் தண்ணீரோடும் சோப்பு நுரையோடும் குழைந்து கணுக்கால் ஆழத்துக்குச் சாம்பல்நிறச் சேறாகக் கிடந்தது, அதில் எலும்புத் துண்டுகளும் வாடிய செவ்வந்தியும் பல்செட் ஒன்றும் கிடந்தன, நாய்கள் புரண்டன, குளிக்க வந்தவர்கள் அதை மிதித்து நடந்துபோய்க் காலைக் கழுவிவிட்டு அதே கையோடு பக்கத்துத் தள்ளுவண்டியில் சூடாக வடை தின்றார்கள். "எல்லாரும் இங்ஙனதான் போடுதாவ. நீங்களும் போட்டுட்டு வாங்கக்கா, வெரசாப் போயிரலாம்," என்றான் சேர்மதுரை. பேராச்சி அந்தச் சேற்றையும் வடையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவரை அவளுக்குப் பிடிக்காது, ஆனால் இதற்குள் போடுகிற அளவுக்கு யாரையுமே பிடிக்காமல் போனதில்லை. ஓரமாகப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து, "வண்டிய எடு" என்றாள்.

ஜீப் ஆற்றோரமாகவே ஏறியது. வெயில் வர வர வலது பக்கம் வயல்கள் பச்சையாய் விரிந்தன, இடது பக்கம் மாவடியாறு நாணலும் மருதமரமுமாக, தன் பாட்டுக்கு, யாருக்கும் ஒன்றுமே நடக்காததுபோல, அவ்வளவு அழகாக ஓடியது. அந்த அழகைப் பார்க்கப் பார்க்கப் பேராச்சிக்கு ஆத்திரம் வந்தது. தொடாதவர்கள் எப்போதும் சுத்தமாகத்தான் இருப்பார்கள், வெள்ளை வேட்டி கசங்காமல், குளித்த தலையில் ஈரம் சொட்ட, பார்க்க லட்சணமாகத்தான் இருப்பார்கள், பக்கத்தில் போகிறவர்களுக்குத்தான் தாங்கள் என்னவோ நாறுகிறோம் என்று தோன்றும். மடியில் கலயம் சூடேறிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு நேரம் அவர் அவள் மடியில் இருந்ததில்லை.

அடுத்தது தோணித்துறை, மலையடிவாரத்து ஊர். அரசன்துறையில் தூரம் கூடினால் மரியாதை என்றால் இங்கே நேர்மாறு, தூரம் குறையக் குறையப் புண்ணியவான். ஆண்களும் பெண்களும் பட்டினி கிடந்து, உப்பை விட்டு, செருப்பை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூனை நடை நடந்து ஆற்றருகே போனார்கள், ஒரு விரற்கடை குறைந்ததா என்று நாடாக்காரர் முகத்தைப் பார்த்தார்கள், அரையடிக்காரர் ஒருவர் பாறைமேல் துண்டு விரித்து உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் விபூதி கொடுத்துக்கொண்டிருந்தார், அவருக்கு முகமெல்லாம் கர்வம். இரண்டு ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் நின்று போய்விட்டதாம், அங்கே தூரக்காரருக்கு மாலை, இங்கே தூரக்காரர் தெருவில் வந்தால் கதவைச் சாத்தினார்கள். ஆறு எதையும் சொல்லவில்லை, இவர்களாகவே நாடாவின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

நாடாக்காரர் மணிவாசகம் கலயத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "அளந்துட்டுப் போங்கம்மா. தனியா ஒங்களுக்கு, தனியா அவியளுக்கு."

வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தாள். ஆனால் காலையிலிருந்து ஒரு கேள்வி அவளைக் குடைந்துகொண்டிருந்தது: ஆறு விலகுவது அவரைக் கண்டா, தன்னைக் கண்டா? அவரைக் கண்டுதான் என்று ஆறே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அந்தச் சந்தோஷத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் மலையேறுவாள். கலயத்தைக் கரையில் வைத்துவிட்டு நெடுந்தூரம் விலகி நின்றாள். தண்ணீர் நெளிந்து, ஒதுங்கி, நின்றது. மூன்றடி. அடுத்து கலயத்தைச் சேர்மதுரையிடம் கொடுத்துத் தூர அனுப்பிவிட்டு அவள் போய் நின்றாள். தண்ணீர் நெளிந்து, ஒதுங்கி, நின்றது. மணிவாசகம் குனிந்து நாடாவைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், பின்பு வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

"மூணடி. ஒரு நூல் கூடல, ஒரு நூல் கொறையல. ஆயிரம் பேர அளந்துட்டேன், புருசனும் பொஞ்சாதியும் ஒண்ணுபோல வந்தது இதாம்மா மொதத் தடவ. பொருத்தம்னா இது பொருத்தம்!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு பெண் அவள் காலைத் தொட்டுக் கும்பிட வந்தாள். பேராச்சி அந்தப் பெண்ணைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு ஜீப்பில் போய் ஏறினாள். கல்யாணத்துக்கு முன்னால் எவனோ பார்த்துச் சொன்ன பத்துப் பொருத்தமும் ஒட்டாத இடத்தில் கடைசியில் இந்தப் பொருத்தம்தான் ஒட்டியிருக்கிறது, தூ.

அதற்குமேல் மலை. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் முனகிக்கொண்டு ஏற ஏற, கீழே ஆறு ஒரு தடவை வலப்பக்கம், ஒரு தடவை இடப்பக்கம் என்று வெள்ளியாய்த் தெரிந்து தெரிந்து மறைந்தது, மூங்கில் முடிந்து தேயிலை வந்தது, தேயிலைக்கு மேலே மேகம் படுத்திருந்தது, காற்றில் ஏலக்காய் வாசனை வந்தது, இந்த இடத்தில் பிறந்திருந்தால் நாமும் நல்லவர்களாக இருந்திருப்போமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த வளைவில் அருவி. டூரிஸ்ட் வேன்கள் பதினைந்து நின்றன. அருவி அறுபதடி உயரத்திலிருந்து விழுந்துகொண்டே கீழே ஆட்களைக் கண்டதும் அந்தரத்தில் ஒடிந்து, பாறையோரமாக வளைந்து, ஆளில்லாத முள்ளுக்குள் போய் விழுந்தது. குளிக்க வந்தவர்கள் காய்ந்த பாறையில் ஜட்டியோடு நின்று அந்த வளைவுக்குக் கீழே கையை விரித்துப் போட்டோ எடுத்தார்கள், பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றார்கள், எலும்பையும் பாட்டிலையும் அருவியைப் பார்த்து எறிந்து அது விலகுவதைக் கண்டு கெக்கலி கொட்டினார்கள், பாறைக்குப் பின்னால் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பேராச்சிக்கு ஆறு செய்வது சரிதான் என்று பட்டது. அப்படிப் பட்டதே அவளுக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஜீப் பாதை முடிகிற இடத்தில் சேர்மதுரை வண்டியை நிறுத்தினான். அவனுக்கு மேலே வரப் பயம், அட்டை இருக்கும் என்றான். "பசிக்கிக்கா" என்றும் சொன்னான். அவள் தூக்குவாளியைத் திறந்து தயிர்சோற்றை மூடியில் வைத்துக் கொடுத்தாள். அவன் கையைக்கூடத் துடைக்காமல் வாங்கி, நாரத்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வழித்து வழித்துத் தின்றுவிட்டு, "இன்னும் ரெண்டு கை வைங்கக்கா" என்றான். அவள் வைத்தாள். இவ்வளவு சுலபமான காரியமா இது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குமேல் அவள் தனியாக நடந்தாள். கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, புல்வெளியும் சோலையுமாக மாறி மாறி வந்த மேட்டில், ஆறு ஓடையாகி, ஓடை வாய்க்காலாகி, வாய்க்கால் ஒரு கை அகலத் தண்ணீராகிக்கொண்டே வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் நடக்க நடக்கத் தண்ணீர் மூன்றடி தள்ளியே வந்தது. மேட்டின் உச்சியில் யானை படுத்ததுபோல ஒரு கரும்பாறை இருந்தது, அதன் அடியில் ஒரு பொந்து, பொந்துக்குள்ளிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதுதான் மாவடியாறு. இதற்குமேல் மலையும் இல்லை, போவதற்கு இடமும் இல்லை.

அவள் கிட்டே போனாள். தண்ணீர் பொந்துக்குள்ளே போய்விட்டது.

கீழே வாய்க்கால் வற்றியது, ஓடை வற்றியது, காலையிலிருந்து காதில் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு சத்தம் சட்டென்று நின்றபோதுதான் அப்படியொரு சத்தம் இருந்ததே அவளுக்குத் தெரிந்தது. ஆறு நின்றுவிட்டது. அவள் அங்கே நிற்கிறவரை அது வராது, அவளைத் தொடுவதைவிட இல்லாமலே போய்விடலாம் என்று முடிவுகட்டிவிட்டது. அவள் கால் பழக்கதோஷத்தில் ஒதுங்கப் பார்த்தது, பின்னால் ஓரடி எடுத்தும் வைத்தது. அந்த அடியோடு நின்றுவிட்டாள்.

"ஒதுங்க மாட்டேன்," என்று கத்தினாள். "ஆயுசு பூரா ஒதுங்கியாச்சு. என்னத்த நாறுது எங்கிட்ட? வந்து சொல்லு. வா!"

மண்டியிட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு, வலது கையைப் பொந்துக்குள் விட்டாள். முழங்கை போனது, தோள் வரை போனது, கன்னம் பாறையில் அழுந்தியது. விரல்கள் பின்சுவரைத் தொட்டன, அதற்குமேல் ஓடுவதற்கு இடமில்லாமல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்த தண்ணீரைத் தொட்டன. ஐம்பது நாளுக்கும் மேலாக ஒரு மனுஷக் கையும் தொடாத ஆற்றை அவள் தொட்டாள். இடது கையில் கலயம் இருந்தது. சரித்தால் போதும், ஐந்து நிமிஷ வேலை, பொழுது சாய இன்னும் நேரம் கிடந்தது.

தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் விரலுக்கு அந்த நடுக்கம் தெரியும். ரத்தம் எடுக்க வருகிறவர்கள், அதிலும் ஏற்கெனவே பலபேர் குத்திக் குத்தி நரம்பு கிடைக்காமல் கை பூராவும் கறுத்துப்போனவர்கள், ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்வார்கள், பிடித்தால் தோல் இப்படித்தான் துடிக்கும். அது அருவருப்பில்லை. கையைப் பிடிக்கிறவர்மேல் அவர்களுக்கு எந்த அருவருப்பும் கிடையாது, இன்னொரு தடவை வலிக்குமே என்கிற பயம்தான். அப்படி நடுங்குகிற கையில் அவள் ஒரு நாளும் ஊசி போட்டதில்லை, ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

"சரி, சரி," என்றாள் பேராச்சி, அந்தப் பொந்துக்குள் வாயை வைத்து, நோயாளிகளிடம் பேசுகிற குரலில். "ஒண்ணும் பண்ணல. ஒண்ணும் பண்ணல."

கையை உருவிக்கொண்டு எழுந்து, மூன்றடி என்று மதித்து மூன்றடிக்கு மேலேயே தள்ளிப்போய் உட்கார்ந்தாள். இது பழக்கத்தில் ஒதுங்கியதில்லை, அவளாக ஒதுங்கியது. கொஞ்ச நேரத்தில் பொந்திலிருந்து தண்ணீர் எட்டிப் பார்த்தது, வந்தது, கீழே இறங்கிப்போனது, சத்தம் திரும்பியது. அப்படியானால் அவரும் பயத்தில்தானோ காலைத் தூக்கினார் என்று ஒரு நினைப்பு வந்தது. பயமாக இருந்தால் என்ன, அருவருப்பாக இருந்தால் என்ன? ஆற்றைக் குத்தியவர்கள் ஆயிரம் பேர், அவரை யார் என்ன குத்தினார்கள்? அவள் சோறு சமைத்தாள், அவ்வளவுதான். அந்த நினைப்பை எச்சிலைப் போலத் துப்பிவிட்டு, கலயத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"கரைச்சாச்சாக்கா?" என்றான் சேர்மதுரை.

"வீட்டுக்குப் போ. வெளிச்சம் இருக்கும்போதே போயிரணும்."

வருகிற வழியில் அரசன்துறையில் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் கவுன்சிலர் இரண்டாவது ஷவரைத் திறந்துவைத்த நேரத்தில் ஆறு அப்படியே நின்றுவிட்டதாம், கால் மணி நேரம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் படுகை காய்ந்ததாம், அண்ணனுக்கு ஆறு எழுந்து நின்று மரியாதை செய்ததாகப் புது ஃபிளெக்ஸுக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பேராச்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் மூக்கம்மாள் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். நாற்காலியில் மஞ்சள் துண்டு விரித்து, முன்னால் விளக்குத் துடைத்து எண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள், கலயத்தைப் பார்த்ததும் முகத்தில் ஒரு திருப்தி. "நான் சொன்னம்லாட்டி, கரையாதுன்னு. கொண்டா, இங்ஙன வையி."

பேராச்சி நிற்கவில்லை. கூடத்தின் நடுவில், நாற்காலியை உரசிக்கொண்டு நேராக நடந்து, அடுக்களையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள். அங்கே அங்கணக்குழியில், அரிசி களைந்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஓடிவந்து விழுகிற இடத்தில், ஒரு வாழை நின்றது. மண்வெட்டியால் அதன் மூட்டில், வேரையொட்டி, இரண்டு கொத்து கொத்தினாள். மேற்கே இன்னும் சிவப்பு இருந்தது. கலயத்தைத் திறந்து, அவரைக் கையால் அள்ளி அள்ளி, ஒரு துண்டு எலும்பு விடாமல் குழிக்குள் போட்டாள்.

"சீ!" என்று மூக்கம்மாள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "எச்சித்தண்ணி போற எடத்துலயாட்டி எந்தம்பிய?"

"ஓடுற தண்ணியில கரைக்கணும்னு நீங்கதான மதினி சொன்னிய. இந்தத் தண்ணி முப்பத்தொரு வருசமா ஓடுது."

"அவன் ஒங்கையால ஒரு வா தண்ணி குடிச்சவனில்லட்டி!"

"தெரியும்," என்றாள் பேராச்சி.

அடுக்களைக்குள் வந்து, மத்தியானம் தொடாமல் வைத்திருந்த தன் பங்குத் தயிர்சோற்றைத் தட்டில் கொட்டி, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அவசரமில்லாமல் பூராவையும் சாப்பிட்டாள். சாம்பல் படிந்த விரல்களால்தான் சாப்பிட்டாள், ருசி ஒன்றும் மாறவில்லை. பின்பு ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக்கொண்டு அங்கணத்தில் போய் நின்று வாயைக் கொப்பளித்து, கையைக் கழுவினாள். தண்ணீர் அங்கணத்து வாய்க்கால் வழியாக ஓடி வாழைமூட்டைச் சுற்றித் தேங்கி, குமிழி விட்டு, உள்ளே இறங்கியது. அவள் இன்னொரு செம்பு எடுத்து வந்து ஊற்றிவிட்டு, "குடிங்க" என்றாள்.